தட்டில் ஏறிய தண்ணீர்

‘பட்டாணி ஏன் இப்படி இளைச்சுக்கிட்டே போறா?’ என்று மூன்று வாரமாக விடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் வாசகிகளுக்கு முதலில் நன்றி. உங்கள் கண்ணில் பட்டது அந்த வீட்டுப் பெரியவர்கள் இருவர் கண்ணிலும் பட்டதுதான். ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அப்பா அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தார். அம்மா வயசு என்று பெயர் வைத்தாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. பட்டாணிக்குப் பத்தொன்பது வயது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். சின்ன வயதில் உருண்டையாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது அதற்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு ஓட்டம். முதலில் வருகிற மூன்று பேருக்குத்தான் அணியில் இடம். ஏழு வருடமாக அவள் எழுந்ததும் படுத்ததும் இந்த ஒரு நாளுக்காக.

அம்மா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அப்பா, லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர். வீட்டில் சமையல் அவருடையது. அம்மாவின் முதல் மாணவர் காலை ஆறு மணிக்கே ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார் என்பதால் கல்யாணமான புதிதிலேயே ஏற்பட்ட ஒப்பந்தம் அது.

ஏழு வாரத்துக்கு முன்னால் மைதானத்தின் உணவு ஆலோசகர் ஓர் அட்டவணை கொடுத்தார். ஒரு நாளைக்கு மாவுச்சத்து முந்நூறு கிராம், புரதம் எண்பத்தைந்து, கொழுப்பு ஐம்பத்தைந்து. அதன் கீழே எந்த வேளைக்கு எது எத்தனை கிராம் என்று விவரமாக இருந்தது. அப்பா அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். சமையல் தராசு ஒன்று வாங்கி வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எடை போடாத எதுவும் மகள் வாய்க்குள் போகவில்லை.

போன வாரம், பயிற்சி ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் பட்டாணி ஓட முடியாமல் நடக்க ஆரம்பித்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். இன்றைக்கு வியாழக்கிழமை. நடந்ததைப் பற்றி அவள் வீட்டில் மூச்சு விடவில்லை.

*

காலை ஏழு மணிக்கு அப்பா தராசின் முன் நின்றிருந்தார். வெந்த ஓட்ஸ் எண்பது கிராம். எண்பத்திரண்டு காட்டியது. ஸ்பூன் நுனியால் கொஞ்சம் எடுத்தார். எண்பது.

மத்தியானத்துக்கான டப்பாவில் வெந்த சோறு நூற்றைம்பது கிராம், பருப்பு அறுபது, கோழி நூற்றைம்பது. சோற்றைப் பார்த்தால் கோழிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு முதல் மாணவர் வரவில்லை என்பதால் அம்மாவும் வீட்டில் இருந்தாள். டப்பாவை எட்டிப் பார்த்து, குருவிக்கா கட்டிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். இது முதல் தடவை இல்லை. அவர் வழக்கம்போல பிரிட்ஜ் கதவைக் காட்டினார்.

“எடைன்னா என்ன தெரியுமா? வண்டி கேட்டைத் தாண்டும்போது என்ன காட்டுதோ அதுதான். அதுக்கு முன்னாடி அது என்னவா இருந்துச்சுங்கறது எனக்குத் தேவையே இல்ல.”

“எதுக்கெடுத்தாலும் லாரி. இவ லாரி இல்லைங்க, பொண்ணு.”

பொண்ணு குனிந்த தலை நிமிராமல் ஓட்ஸைத் தின்று முடித்தாள். போதுமா கண்ணு என்று அப்பா கேட்டார். வயிறு நிறைந்துவிட்டது என்றாள். காலியான கிண்ணத்தைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மகள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டால் போதும், அவருக்கு அந்த நாள் நல்ல நாள்.

கையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. குளியலறை அலமாரியை ஒழிக்க ஆரம்பித்தாள். பின்வரிசையில் நாப்கின் பாக்கெட்டுகள் இரண்டு இருந்தன. இரண்டு மாதத்துக்கு முன்பு அவளே வாங்கி வைத்தவை. அவளுக்கு அந்தத் தேவை முடிந்து ஒரு வருடமாகிறது. அதனால் அவை மகளுக்கு மட்டும். இரண்டும் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தன.

எந்த அம்மாவுக்கும் முதலில் வருகிற பயம் இவளுக்கும் வந்தது. பொய் சொல்வானேன், அரை நிமிடம் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மகளின் இரண்டு மணிக்கட்டும் கன்னத்து எலும்பும் ஞாபகத்துக்கு வந்தன. வந்ததும் முதல் பயம் போய், அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

*

அம்மாவுக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. யாரிடமாவது கேட்கச் சங்கடமான கேள்வி இருந்தால், அவர்கள் வண்டி ஓட்டும்போது கேட்பாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவர் முகத்தைத் திருப்ப முடியாது, எழுந்து போகவும் முடியாது. மாணவர் ஒருவருடைய இரண்டாவது கல்யாணமே மூன்றாவது கியரில்தான் வெளியே வந்தது.

அதனால் மைதானத்துக்கு நீயே ஓட்டு என்று பட்டாணியைப் பிடித்து உட்கார வைத்தாள். பக்கத்தில் தன் இடத்தில், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கோடு உட்கார்ந்துகொண்டாள்.

கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் மகளுடைய உதடு ஒரு பக்கமாக இறுகியது. முதல் சிக்னலில் அம்மா அதைப் பார்த்தாள். இரண்டாவது சிக்னலில் நிச்சயப்படுத்திக்கொண்டாள். ரவுண்டானாவுக்குள் வண்டி நுழைந்தபோது கேட்டாள்.

“எத்தனை மாசமா வரல?”

பட்டாணி வெளியே போக வேண்டிய வழியை விட்டுவிட்டு இரண்டாவது சுற்றும் சுற்றினாள்.

“ரெண்டு தடவை வரல. ஓடறவங்களுக்கு அப்படி ஆகும்மா. நல்லா பயிற்சி எடுத்தா நின்னுடும்னு எல்லாரும் சொல்றாங்க.”

“கால்ல என்ன?”

“எந்தக் கால்ல?”

“கிளட்ச் மிதிக்கிற கால்ல.”

அம்மா தன் பிரேக்கை மிதித்தாள். வண்டி ரவுண்டானாவின் நடுவே நின்றது. பின்னால் ஆறேழு ஹாரன்கள் சேர்ந்து கத்தின. வாழ்க்கையில் முதல் முறையாக அந்த டிரைவிங் டீச்சர் போக்குவரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. இருக்கையிலிருந்து எட்டி மகளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கைக்குள் எலும்புதான் முதலில் தட்டுப்பட்டது. உடனே அப்பாவுக்குப் போன் போட்டு, வீட்டிலேயே விட்டு வந்த மத்தியானச் சாப்பாட்டையும் தராசையும் எடுத்துக்கொண்டு உணவு ஆலோசகரின் அறைக்கு வரச் சொன்னாள். ஏன் என்று கேட்டவரிடம், வாங்க என்று மட்டும் சொன்னாள்.

*

உணவு ஆலோசகருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அன்றைக்கு ஜலதோஷம் வேறு. மேஜையில் அரிசி, ஓட்ஸ், பருப்பு எல்லாம் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக இருந்தன. பட்டாணியை எடை பார்த்தார், கெண்டைக்கால் எலும்பை விரலால் அழுத்தினார். ஓர் இடத்தில் பட்டாணி நாற்காலியோடு துள்ளினாள். ஆலோசகர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எடை பார்க்க இரண்டு தடவை கூப்பிட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டார். பட்டாணி ஜன்னலைப் பார்த்தாள்.

அப்பா எடைமேடைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். ஒரு கையில் டப்பா, ஒரு கையில் தராசு, கக்கத்தில் பிரிட்ஜ் கதவிலிருந்து பிரித்த அட்டவணை. நல்ல மார்க் வாங்கிய பையனின் அப்பா பள்ளிக்கூடம் போகிற நடை. ஒரு கிராம் பிசகவில்லை, வேண்டுமானால் இங்கேயே போட்டுப் பாருங்கள் என்று சொல்லி டப்பாவைத் திறந்தார்.

ஆலோசகர் சோற்றைப் பார்த்தார். தராசில் வைத்தார். நூற்றைம்பது.

“இத எப்ப எடை போட்டீங்க சார்?”

“தட்டுல வைக்கிறப்ப.”

ஆலோசகர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜாடியைத் திறந்து ஒரு கிண்ணத்தில் அரிசியைக் கொட்டி, தராசில் நூற்றைம்பது வந்ததும் நிறுத்தி, அப்பாவின் பக்கம் தள்ளினார்.

“நான் எழுதினது இது சார். சமைக்கிறதுக்கு முன்னாடி.”

வெந்தால் இது நானூறு கிராம் வரும் என்றும், டப்பாவில் இருப்பதில் பாதிக்கு மேல் தண்ணீர் என்றும் அவர் விளக்கிக்கொண்டே போனார். ஓட்ஸும் பருப்பும் அப்படித்தான். கோழி மட்டும் நேர்மாறு. வேகும்போது அது தண்ணீரை விட்டுச் சுருங்கும், அதனால் வெந்த பிறகு எடை போட்டால் கூடுதலாகப் போகும். ஆக, புரதம் கேட்டதற்கு மேலேயே போயிருக்கிறது. மாவுச்சத்து பாதியைக்கூட எட்டவில்லை. ஓடுகிற உடம்புக்கு முதலில் எரிகிறது மாவுச்சத்துதான். அது இல்லாவிட்டால், தசை கட்டக் கொடுத்த புரதத்தையே எடுத்து எரித்துவிடும்.

“அடுப்புக்கு விறகு இல்லன்னு ஜன்னல் கதவை ஒடைச்சு எரிச்ச மாதிரிங்க. அதுவும் பத்தலன்னா, இப்போதைக்கு அவசரமில்லாத வேலையையெல்லாம் ஒடம்பு நிறுத்திடும். மாசாமாசம் வர்றது மொதல்ல நிக்கும். அப்புறம் எலும்பு.”

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை என்று அவர் அட்டவணையைப் புரட்டினார். கொழுப்பு சரியாகப் போயிருந்தால் இவ்வளவு சீக்கிரம் நின்றிருக்காதே. நிலக்கடலை, வெண்ணெய் எல்லாம் தினமும் கொடுக்கிறீர்கள்தானே என்று கேட்டார். கொடுக்கிறேன் என்று அப்பா தலையாட்டினார். பட்டாணி மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள்.

பச்சை எடை என்று தான் எழுதியிருக்க வேண்டும், அது தன் தப்பு என்று ஆலோசகர் சொன்னதை அப்பா காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. நாளைக்குக் காலில் ஸ்கேன் எடுக்க வேண்டும், ரிசல்ட் வருகிறவரை ஓடக் கூடாது என்றார் ஆலோசகர். ஞாயிற்றுக்கிழமை என்று பட்டாணி ஆரம்பித்தாள்.

“ரிசல்ட் சனிக்கிழமை சாயங்காலம் வரும். ஆனா என்னைக் கேட்டா இப்பவே வேண்டாம்னுதான் சொல்வேன். இப்ப விரிசலா இருந்தா, ஓட்டத்துல முறியும்.”

*

மத்தியானம் அப்பா எடைமேடைக்குத் திரும்பினார். ஆள் இல்லை, வேறு வழியில்லை.

நான்கு மணிக்கு ஒரு மணல் லாரி ஏறியது. பின்பக்கக் கதவின் இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த விஷயத்தில் அப்பாவை யாரும் ஏமாற்ற முடியாது. மணலை நனைத்துக்கொண்டு வந்து எடையைக் கூட்டிக் காட்டுகிறவர்களை இருபத்திரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறவர் அவர். கையை மணலுக்குள் முழங்கை வரை விட்டு எடுத்தாலே எவ்வளவு மணல், எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவார். இன்றைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குக் கழித்துத்தான் சீட்டு போடுவேன் என்றார்.

பழக்கமான டிரைவர்தான். பல்லைக் காட்டிக்கொண்டு, “தண்ணிக்கும் எடை இருக்குல்ல சார், எதுக்குக் கழிக்கிறீங்க?” என்று கேட்டார்.

வழக்கமாக இதற்கு அவரிடம் பத்துப் பதில் இருக்கும். இன்றைக்கு அவர் சீட்டுப் புத்தகத்தைத்தான் திறந்தார். ஊரான் லாரியில் ஏறி வந்த தண்ணீரையெல்லாம் கண்டுபிடித்தவர், சொந்த அடுப்படியில் மகள் தட்டில் ஏறிய தண்ணீரை விட்டுவிட்டார். ஏழு வாரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. சீட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு அறைக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்குப் போனார். முகம் கழுவப் போனவர் திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று. நல்லவேளை, அடுத்த லாரி தாமதமாக வந்தது.

*

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும், இனிமேல் சமையல் நீ பார்த்துக்கொள் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தன் சமையலைச் சாப்பிட்டால் இருக்கிற பசியும் போய்விடும் என்றாள். பிறகு பக்கத்தில் வந்து அவர் முதுகில் கை வைத்தாள். கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் அந்த முதுகு இப்படிக் கூனி அவள் பார்த்ததில்லை.

“நீங்க அவளுக்குக் கம்மியா கொடுக்கணும்னா கொடுத்தீங்க? போய் அரிசி களையுங்க. நானும் கூடவே நிக்கறேன்.”

நூற்றைம்பது கிராம் அரிசி. அறுபது கிராம் பருப்பு. எல்லாம் பச்சை எடை. அம்மா தராசைப் படித்துச் சொன்னாள், அப்பா கொட்டினார். பருப்பில் வெண்ணெய் போட்டார். வெந்த பிறகு தட்டில் பரிமாறினால், கரை தாண்டி வழிகிற மாதிரி நின்றது சோறு. இவ்வளவா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. அந்தத் திகைப்போடு மேஜையில் வைத்து மகளைக் கூப்பிட்டார்.

பட்டாணி வந்து உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா எதிரே உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்னவோ சொல்ல ஆரம்பித்தார். படிப்பறிவு கம்மி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், தெரியாமல் போய்விட்டது, அவர் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனார். மூன்றாவது வாக்கியத்தில் மகள் அழ ஆரம்பித்தாள்.

“நிறுத்துங்கப்பா. எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“இருபத்திமூணு நாளாத் தெரியும்.”

கூட ஓடுகிற ஒரு பெண்ணின் வீட்டில் அன்றைக்குச் சாப்பிட்டாளாம். அவளுக்கும் இதே அட்டவணைதான். அவள் தட்டில் இருந்தது இவள் தட்டில் இருப்பதைப்போல மூன்று பங்கு. அப்போதே புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொல்லத்தான் நினைத்தாள்.

“ஆனா அந்த வாரம் ரெண்டு செகண்ட் குறைஞ்சிருந்துச்சுப்பா. மூணு வருஷமா அசையாத ரெண்டு செகண்ட். ஒடம்பு லேசாச்சு, அதான்னு நெனச்சேன். இன்னும் கொஞ்சம் லேசானா இன்னும் குறையும்னு நெனச்சேன். சொன்னா நீங்க நிறையப் போட்டுடுவீங்க.”

நிலக்கடலை, வெண்ணெய் தடவிய ரொட்டி எல்லாம் எங்கே போயிற்று என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். மைதானத்து வாட்ச்மேனிடம் என்றாள் பட்டாணி. மூன்று வாரத்தில் அந்த மனிதர் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறாராம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே அழுகையாக மாறியது.

அப்பா சிரிக்கவில்லை. தன் தப்பை அவர் தாங்கிக்கொண்டுவிட்டார். இருபத்திமூன்று நாளும் காலையில் தன் முகத்தைப் பார்த்து, வயிறு நிறைந்துவிட்டது என்று மகள் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவளின் கழுத்து எலும்பைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

“ஞாயித்துக்கிழமை நீ ஓட வேண்டாம் கண்ணு” என்றார்.

பட்டாணி நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்ற வார்த்தையை அவளிடம் அந்த வீட்டில் சொல்கிறது எப்போதும் அம்மாதான். மைதானத்தில் சேரும்போதும், பரீட்சையை விட்டுவிட்டு வெளியூர்ப் போட்டிக்குப் போனபோதும், அவளுக்காக அம்மாவிடம் வாதாடியவர் அப்பா.

“ஸ்கேன் நல்லா வந்தாலும் வேண்டாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். எனக்கு நீ முழுசா வேணும்.”

பட்டாணி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண்ணீரைத் துடைக்காமலே பிசைந்தாள், சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டு கவளத்துக்குப் பிறகு பசி அவளைப் பிடித்துக்கொண்டது. ஏழு வாரப் பசி. தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தாமல் அள்ளி அள்ளித் தின்றாள். பார்த்துக்கொண்டிருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கடைசிப் பருக்கையையும் வழித்து முடித்துவிட்டு, தட்டை அப்பாவின் பக்கம் நகர்த்தினாள்.

“முழுசா சாப்பிட்டுட்டேன்பா. இனிமே நீங்க எவ்வளவு போட்டாலும் சாப்பிடறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை நான் ஓடத்தான் போறேன்.”

சொல்லிவிட்டு எழுந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். இடது காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல் தன் அறைக்குப் போனாள். அப்பா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்ட தட்டைப் பார்த்து அவரால் சந்தோஷப்பட முடியாமல் போனது அன்றைக்குத்தான்.